சங்ககிரி: வரி காத்த மலை

கோட்டை என்றதும் நம் மனக்கண்முன் எழுவது போர்க்காட்சியே. முற்றுகை, பீரங்கி முழக்கம், மதில்மேல் தொற்றி ஏறும் வீரர்கள், வீழும் கொடி, உயரும் கொடி என்று பாடநூல்களும் திரைப்படங்களும் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு கோட்டையின் நீண்ட வாழ்நாளில் போர் நடந்த நாள்கள் மிகச் சில. எஞ்சிய ஆயிரக்கணக்கான நாள்களில் அம்மதில்களுக்குள் என்ன நடந்தது என்னும் கேள்வியை நாம் கேட்பதில்லை. கொங்குநாட்டின் வடகிழக்கு ஓரத்தில் ஓங்கி நிற்கும் சங்ககிரி அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் மலை. விடையும் ஒரு சொல்லில் அடங்கிவிடும்: வரி.

திருப்பூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பத்தக்க தொலைவிலேயே இம்மலை இருக்கின்றது. ஆயினும், கோடை விடுமுறை என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடும் நம்மில் எத்தனை பேர் இதன் உச்சிக்கு ஏறியிருப்போம்? சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், அதிகாலைத் திருப்பலி முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த பதினைந்து பேர் ஒரு வேனில் ஏறிப் புறப்பட்டோம். கட்டிங் மாஸ்டர் ஒருவர், ஓவர்லாக் தைப்பவர் இருவர், செக்கிங் பார்க்கும் பெண்கள், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் என்று அது ஒரு கலவையான குழு. பனியன் கம்பெனிகளில் வாரம் ஆறு நாளும் நின்றும் அமர்ந்தும் உழைத்தவர்களுக்கு ஏழாம் நாளில் மலை ஏறும் ஆசை எப்படி வந்தது என்று வியக்கலாம். எந்திர ஓசை இல்லாத ஓரிடத்தில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க வேண்டும் என்பதே பலருடைய விருப்பமாக இருந்தது.

ஆற்றைக் கடக்கும்போது

பெருமாநல்லூரில் நெடுஞ்சாலையை அடைந்து கிழக்கு நோக்கித் திரும்பினோம். விஜயமங்கலத்துச் சுங்கச்சாவடியில் வண்டி நின்றது. கட்டணம் செலுத்தியபின் தடுப்புக்கோல் உயர்ந்தது. பெருந்துறையை நெருங்குகையில் தெற்கே சென்னிமலை தெரிந்தது. அம்மலைக்கும், காங்கயத்தை அடுத்த சிவன்மலைக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இந்தக் கட்டுரையின் நாயகன் ஒருவன் தோன்றினான். அவனை நாம் பின்னர்ச் சந்திப்போம்.

லட்சுமி நகரைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒரு செய்தியை நினைவிற்கொள்வது நல்லது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு, சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தன. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே நின்றது. ஆகவே 1792 முதல் 1799 வரை ஏழாண்டுக் காலம், இந்தக் காவிரிதான் இப்பகுதியில் இரு அரசுகளுக்கும் இடையே எல்லையாக ஓடியது. மேற்குக் கரையில் மைசூரின் வரி. கிழக்குக் கரையில் கம்பெனியின் வரி. இடையில் ஒரே ஆற்று நீரை மொண்டு குடித்த ஒரே மக்கள்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மடிந்தபின் அந்த அரசியல் எல்லை மறைந்தது. ஆனால் எல்லைகள் அவ்வளவு எளிதில் அழிவதில்லை போலும். இன்றும் அப்பாலத்தின் ஒரு முனை ஈரோடு மாவட்டம், மறுமுனை நாமக்கல் மாவட்டம். திருச்சபையின் நிர்வாகத்திலும் அவ்வாறே. மேற்குக் கரை கோவை மறைமாவட்டம். கிழக்குக் கரை 1930இல் தோன்றிய சேலம் மறைமாவட்டம். நம்முடன் வந்த சிறுமி ஒருத்தி, "ஆத்துல கோடு எங்க இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள். வரைபடத்தில் உள்ள கோடு ஆற்றில் தெரியாது என்பதை அவளுக்கு விளக்கியபடியே குமாரபாளையத்து விசைத்தறி ஓசையைக் கடந்து சென்றோம்.

பாறையும் பெயரும்

சங்ககிரியை நெருங்குவதற்கு வெகு முன்பே மலை கண்ணிற் படுகின்றது. ஒரு புறத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த சங்கு போன்ற வடிவம். அதனால் சங்ககிரி என்று பெயர் வந்தது என்பர். துர்க்கம் என்பது கோட்டை மலைக்கு வழங்கும் சொல். ஆங்கிலேயர் ஏடுகளில் சங்கரி துர்க் என்று பதிவான அப்பெயரே இருப்புப்பாதை நிலையத்தின் பலகையில் இன்றும் விளங்குகின்றது.

சமவெளியிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும் இத்தகைய மலைகள் சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் உண்டு. பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறிக் கருங்கல்லாக இறுகியது ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று நிலவியலார் கணிக்கின்றனர். அதன்மேல் மூடியிருந்த மண்ணும் மென்பாறையும் மழையாலும் காற்றாலும் கரைந்து போக, கடினமான கரு மட்டும் வெளியே நின்றது. நாம் மலை உயர்ந்தது என்கிறோம். உண்மையில் சுற்றியிருந்த நிலம் தாழ்ந்தது. பாறை தாழ மறுத்தது. பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும், மேற்சுமை நீங்கியதால் வெடித்தும், வெங்காயத் தோல் உரிவதுபோல் இப்பாறைகள் அடுக்கடுக்காக உரிகின்றன. உரிந்த பலகைகள் சரிந்து, மூலைகள் தேய்ந்து, உருண்டைப் பாறைகளாகச் சரிவுகளில் தொங்குகின்றன. சில பாறைகளைப் பார்த்தால் ஒரு குழந்தை தள்ளினாலே உருண்டுவிடும் போலிருக்கும். ஆனால் அவை மன்னர் பலரின் ஆட்சியைப் பார்த்துவிட்டு அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலை எழுந்தது. லாரித் தொழிலும் ஊருக்குப் பெயர் தந்தது. ஆக, சங்ககிரியின் வாழ்வு முழுவதும் கல்லோடும் சுமையோடும் பிணைந்தது என்றால் மிகையாகாது.

வாயிலுக்குப்பின் வாயில்

மலையடியிலிருந்து படிகளும் கற்பாதையும் மாறி மாறி மேலே செல்கின்றன. மதிலும் வாயிலும், மீண்டும் மதிலும் வாயிலும் என்று ஏறிக்கொண்டே போகவேண்டும். எந்த வாயிலும் அடுத்த வாயிலை நேராகக் காட்டுவதில்லை. ஒன்றைக் கடந்தவுடன் பாதை திரும்பும்; பக்கத்துப் பாறைமேலிருந்து நம்மைக் குறிவைக்க இடம் இருக்கும். பல இடங்களில் மதிலே இல்லை. பாறை தானே சுவராக நிற்கையில் மனிதன் ஏன் கல் அடுக்கவேண்டும்? பாறை முடியும் இடத்தில் மதில் தொடங்குகின்றது. மதில் முடியும் இடத்தில் பாறை ஏற்றுக்கொள்கின்றது. சுண்ணச்சாந்து அதிகமின்றி, ஒரு கல்லின் முகத்துக்கு மறு கல்லின் முகத்தைச் செதுக்கிப் பொருத்திய வரிசைகளை நம் கட்டிங் மாஸ்டர் நெடுநேரம் தடவிப் பார்த்தார். "துணி வெட்டுறதுல ஒரு நூல் பிசகினா அடுத்தது வெட்டிக்கலாம். இதுல முடியாதே" என்றார்.

கோட்டையின் தொடக்கத்தை விசயநகர ஆட்சிக் காலமாகிய பதினைந்தாம் நூற்றாண்டிற்குக் கொண்டு செல்வர். பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்களின் கை கொங்குநாட்டுக்குள் நீண்டபோது அவர்களிடம் சென்றது. 1761 முதல் ஐதர் அலி, 1782 முதல் அவர் மகன் திப்பு, 1792 முதல் கம்பெனி. ஒவ்வோர் ஆட்சியும் ஒரு மதிலையோ ஒரு வாயிலையோ சேர்த்தது. கடைசியாகச் சேர்த்தவர்கள் ஆங்கிலேயர். கட்டியவர்கள் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் அவர்கள் அனைவரும் இந்த ஒரே மலையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் ஒன்றே. நாற்புறமும் விளைநிலம், நடுவில் எவரும் எளிதில் ஏறமுடியாத பாறை. நிலத்திலிருந்து பெற்றதை வைத்துக் காக்க இதைவிடப் பொருத்தமான பெட்டகம் எது?

மேலே சென்றபின் அவ்வுண்மை கண்கூடாகின்றது. அரண்மனை என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கு இல்லை. தானியக் கிடங்கு, வெடிமருந்து அறை, காவலர் தங்கிய கட்டடங்கள், மழைநீர் தேங்கும் சுனைகள் ஆகியவையே எஞ்சியிருக்கின்றன. பெருமாள் கோயிலும், இசுலாமியர் வழிபடும் இடமும் அதே மலையில் உள்ளன. காவலுக்கு நின்ற சாதாரண மனிதர்களும் தத்தம் இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இரவைக் கழித்திருக்கிறார்கள்.

தானியக் கிடங்கின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். தலைமையாசிரியர் தொடக்கநூலின் யோசேப்பை நினைவூட்டினார். வளமான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து, வறண்ட ஏழு ஆண்டுகளில் எகிப்தைக் காத்தவர் அவர். அக்கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது அந்த இடத்தோடு நின்றுவிடும். அதன் பிற்பகுதியை யாரும் சொல்வதில்லை. பசித்த மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு கால்நடைகளை, பிறகு நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாகக் கொடுத்தார்கள். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்ற சட்டம் அப்போதுதான் பிறந்தது. களஞ்சியம் உயிரைக் காக்கவும் கூடும். உயிரை விலைபேசவும் கூடும். திறவுகோல் யார் கையில் என்பதைப் பொறுத்தது அது.

வரியை மறித்தவன்

இங்கேதான் நாம் முன்னர்க் குறிப்பிட்ட மனிதன் வருகின்றான். 1756 ஏப்ரல் 17ஆம் நாள் காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்தவர் தீர்த்தகிரி. கொங்குப் பகுதியில் திரட்டிய வரிப்பணத்தை மைசூர் அரசின் ஆட்கள் சங்ககிரிக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் மறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்பதும், "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்" என்று அனுப்பினார் என்பதும் கொங்குநாட்டில் வழிவழியாக வழங்கும் செய்தி. தீரன் சின்னமலை என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது. நாட்டார் வழக்கில் வரும் இக்கதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவணம் தேடவேண்டியதில்லை. வரிச்சுமை மூட்டைகளாகவும் பணமுடிப்புகளாகவும் சங்ககிரியை நோக்கி ஊர்ந்து சென்றதை மக்கள் வெறுப்போடு பார்த்து நின்றார்கள் என்பதற்கு அக்கதையே சான்று.

வரலாறு அதன்பின் வியப்பான ஒரு திருப்பத்தை எடுத்தது. மைசூரின் வரியைப் பறித்தவர் மைசூரின் பக்கமே நின்று கம்பெனியை எதிர்த்தார். திப்புவின் கடைசிப் போருக்குக் கொங்குப் படையோடு சென்றார் என்பர். இதில் முரண்பாடு காண்போர் உண்டு. ஆனால் அண்டை வீட்டாரோடு வரப்புச் சண்டை போடும் உழவன், ஊரையே விழுங்க வெள்ளம் வரும்போது அவரோடு சேர்ந்து கரை கட்டுவதில்லையா? திப்பு வீழ்ந்த பிறகும் சின்னமலை ஓயவில்லை. ஈரோட்டிற்குத் தெற்கே அறச்சலூரை அடுத்த ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1800 சூன் மாதம் கோயம்புத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றக் கொங்குப் பாளையக்காரர்களும் பிறரும் செய்த முயற்சி தோல்வியுற்றது. 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் அவர் கம்பெனிப் படையோடு மோதினார். முடிவில் ஓடாநிலைக் கோட்டையைக் கம்பெனியார் பீரங்கி கொண்டு தகர்த்தனர். பழனிப் பக்கத்துக் கருமலையில் மறைந்திருந்தவரைச் சமையற்காரன் காட்டிக்கொடுத்தான் என்பது வழக்கு.

பிடிபட்டவரைச் சங்ககிரிக்குக் கொண்டு வந்தார்கள். 1805 சூலை 31ஆம் நாள் இம்மலைக்கோட்டையில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பியரும் படைத்தலைவர் கருப்ப சேர்வையும் உடன் உயிர் துறந்தனர். ஆடிப்பெருக்கு நாளாகிய ஆடி 18இல் அது நிகழ்ந்தது என்று மக்கள் நினைவு கூறுகின்றது. இன்று ஆடி 18 என்பது ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் நாளில் வருவதால், இவ்விரு தேதிகளும் ஒவ்வாதவை என்று நம் குழுவில் ஓர் இளைஞர் ஐயம் எழுப்பினார். அவை ஒவ்வாதவை அல்ல. தமிழ் மாதம் விண்மீன்களை ஒட்டிய கணக்கு. ஆங்கிலத் தேதி பருவங்களை ஒட்டிய கணக்கு. இரண்டும் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிச் செல்கின்றன. இருநூறு ஆண்டைப் பின்னோக்கி எண்ணினால் அன்றைய ஆடி 18 சூலை இறுதியிலேயே வந்து பொருந்துகின்றது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் வாய்வழியாகக் காத்த நாள் கணக்கில் பிழை இல்லை என்பது நமக்கு ஒரு பாடம்.

காவிரியில் புதுவெள்ளம் பெருகும் நாள் அது. கரையெங்கும் பெண்கள் மஞ்சளும் முளைப்பாரியும் கொண்டு ஆற்றைத் தொழுத வேளையில், மேலே பாறையில் ஒரு மனிதரின் மூச்சு நின்றது. கம்பெனியார் அந்நாளை வேண்டுமென்றே தேர்ந்தார்களா என்பது நமக்கு முக்கியமன்று. அவரை விசாரித்துத் தண்டிக்க வேறு ஊர்கள் இருந்தன. ஆயினும் யாருடைய வரியை மறித்துப் பெயர் பெற்றாரோ அந்த வரி சென்று சேர்ந்த மலையிலேயே அவர் கதை முடிந்தது என்பதைப் பாறைமேல் நின்று எண்ணும்போது உள்ளம் கனக்கின்றது. திருப்பாடல்களின் ஆசிரியர் இறைவனைக் கற்பாறை என்றும் அரண் என்றும் அழைத்தார். சவுலுக்கு அஞ்சிக் குகைகளிலும் மலைவெடிப்புகளிலும் ஒளிந்து திரிந்த தாவீதுக்குப் பாறை என்பது புகலிடம். சங்ககிரியில் அது தலைகீழாயிற்று. துரத்தப்பட்டவனுக்குப் புகலிடம் தரவேண்டிய பாறை, துரத்தியவனின் கருவூலமாகவும் கொலைமேடையாகவும் ஆயிற்று.

கல்லின் வேலையைக் காகிதம் செய்தது

அப்படியானால் இக்கோட்டையை வென்றது யார்? பீரங்கி என்று சொல்லத் தோன்றும். உண்மையில் இதனைப் பயனற்றதாக்கியது ஓர் அளவுச் சங்கிலியும் ஒரு கணக்கேடும்.

1792இல் சேலமும் பாராமகாலும் கம்பெனிக்கு வந்தபோது அவற்றை ஆள அனுப்பப்பட்டவர் படைத்தலைவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர்களாக மன்றோ, கிரகாம், மெக்லியோட் ஆகிய மூவர் வந்தனர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று வயல்களை அளந்தார்கள். மண்ணின் தரம், நீர்வசதி, விளைவு ஆகியவற்றைக் குறித்தார்கள். இடைத்தரகரையும் பாளையக்காரரையும் நீக்கி, ஒவ்வோர் உழவனோடும் அரசே நேராக வரி பேசும் முறை இந்நிலத்தில்தான் உருவெடுத்தது. அதுவே இரயத்துவாரி முறை. ரீடிடம் அதனைக் கற்றுக்கொண்ட தாமஸ் மன்றோ, 1820இல் சென்னை ஆளுநரானபின் அதனை மாகாணமெங்கும் பரப்பினார். இன்று நிலம் வாங்க விற்கச் செல்லும் நாம் பட்டா என்றும் சிட்டா என்றும் அடங்கல் என்றும் கேட்டு வாங்கும் தாள்களின் பழைய வேர் ஒன்று, சங்ககிரி உச்சியிலிருந்து பார்த்தால் தெரியும் இந்த வயல்களில் இருக்கின்றது.

ஏடு வந்தபின் மதில் எதற்கு? யார் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது தாளில் எழுதப்பட்டுவிட்டது. தானியத்தை மலைமேல் ஏற்றிக் காக்கவேண்டியதில்லை, காசாகவே வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காதவனின் நிலத்தை ஏலத்தில் விடலாம். நூறு வாயிற்காவலர் செய்யமுடியாததை ஒரு கணக்கர் செய்தார். கோட்டையிலிருந்து படை இறங்கியது, பறவைகள் குடியேறின.

இம்முறையால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். உழவன் பெயர் முதன்முறையாக ஏட்டில் ஏறியது. நிலம் தன்னுடையது என்று காட்ட அவனிடம் ஒரு தாள் இருந்தது. ஆனால் விதித்த வரி பல இடங்களில் தாங்க முடியாததாக இருந்தது. கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் வரியை நாலில் ஒரு பங்கு குறைக்கவேண்டும் என்று 1807இல் மன்றோவே பரிந்துரைக்கும் நிலை ஏற்பட்டது. வானம் பொய்த்தாலும் ஏடு பொய்க்காது. விளைந்தால் பங்கு என்பது போய், விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு காசு என்றாயிற்று.

அதன் பலனை 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் காட்டியது. அப்போது இம்மலையடியில் இருப்புப்பாதை ஓடத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. விலை உயர்ந்த ஊரை நோக்கித் தானியம் வண்டியேறியது. விலை கொடுக்க இயலாதவன் நிலையத்தின் வெளியே நின்றான். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சரிந்தது. இறந்தோரும் ஊரைவிட்டு ஓடியோரும் அந்த இடைவெளிக்குள் அடங்குவர். பழைய அரசுகளின் கோட்டைக் களஞ்சியம் பஞ்ச காலத்தில் திறந்துவிடப்பட்டது என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அது மன்னனுக்காகக் கட்டியது. ஆனால் வரி முறை எவ்வளவு நேர்த்தியாகத் திருந்தினாலும், பசித்தவனுக்குரிய பங்கு அதில் எழுதப்படாவிட்டால் அந்நேர்த்தியால் பயன் என்ன? யோசேப்பின் களஞ்சியத்தில் பாதி நன்மையாவது இருந்தது.

உச்சியிலிருந்து

நண்பகலுக்குப்பின் உச்சியை அடைந்தோம். மேற்கே வெள்ளிக் கம்பிபோல் காவிரி. தெற்கே திருச்செங்கோட்டு மலை. வடகிழக்கே நீல மூட்டமாகச் சேர்வராயன் மலைத்தொடர். கீழே நெடுஞ்சாலையில் எறும்பு வரிசையாக லாரிகள். அவற்றுள் சில திருப்பூரின் பெட்டிகளைச் சுமந்து செல்வனவாகவும் இருக்கலாம். நாம் தைக்கும் பனியனின் கழுத்துப்பட்டையில் நிறுவனத்தின் பெயர் உண்டு, அளவு உண்டு, நாட்டின் பெயர் உண்டு. வெட்டியவர், தைத்தவர், நூல்பிசிறு நீக்கியவர் பெயர் இல்லை. இக்கோட்டையும் அப்படித்தான். விசயநகரத்தார் கட்டியது, நாயக்கர் கட்டியது, மைசூரார் கட்டியது, ஆங்கிலேயர் கட்டியது என்று வரிசைப்படுத்துகிறோம். உளி பிடித்தவன் பெயரும், கல் சுமந்தவள் பெயரும், இவ்வளவு உயரத்துக்கு நெல் மூட்டை தூக்கியவன் பெயரும் எந்த வாயிலிலும் இல்லை.

பெயர்களே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாயத்தாலும் கரியாலும் ஆணியாலும் நம் காலத்து இளைஞர்கள் எழுதிச்சென்ற காதல் பெயர்கள் பாறையெங்கும் நிறைந்திருக்கின்றன. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், சிதைப்பது குற்றம். ஆனால் சட்டத்தைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகத் தம் பெயரை எழுத உரிமையற்றுப்போன மனிதர்களின் உழைப்பின்மேல் நம் பெயரை எழுதுவது முறையா? நம்முடன் வந்த பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டார்கள். பிறர் விட்டெறிந்த நெகிழிப் புட்டிகளை ஒரு சாக்கில் பொறுக்கிக் கட்டிக் கீழே இறக்கினார்கள். இறங்கும்போது அச்சாக்கின் சுமையால் தோள் நொந்தது என்று ஒருவன் முறையிட்டான். ஏறும்போது நெல் மூட்டையைச் சுமந்தவனை நினைத்துக்கொள் என்று அவன் அக்காள் சொன்னாள்.

நற்செய்தியில் இயேசு மத்தேயுவை அழைத்தது சுங்கச்சாவடியில். வரி தண்டுவது பாவம் என்று இயேசு சொல்லவில்லை. செசாருக்கு உரியதைச் செசாருக்குக் கொடுக்கச் சொன்னவர் அவர். ஆனால் சாவடியின் உள்ளே அமர்ந்திருந்தவனை எழுந்து வெளியே வரச் செய்தார். வெளியே வந்தால்தான் வரிசையில் நிற்பவனின் முகம் தெரியும். ஒவ்வொரு காலமும் தனக்கென ஒரு கோட்டையைக் கட்டிக்கொள்கின்றது. நேற்று அது பாறைமேல் நின்றது. பிறகு கணக்கேட்டில் நின்றது. இன்று கணிப்பொறிக்குள்ளும் ஒப்பந்தத் தாள்களுக்குள்ளும் நிற்கின்றது. அதற்குள் சேர்ந்திருப்பது யாருடைய உழைப்பு, அதன் திறவுகோல் யாரிடம், பஞ்சம் வந்தால் அது யாருக்குத் திறக்கும் என்னும் கேள்விகள் மட்டும் மாறவில்லை.

சென்னிமலையில் பிறந்து திருப்பூரில் கொடியோடு வீழ்ந்து 1932 சனவரி 11ஆம் நாள் உயிர்நீத்த குமரனை நாம் நாள்தோறும் நினைக்கிறோம். நம் நகரின் நடுவிலேயே அவர் பெயர் நிற்கின்றது. அதே மலைச்சாரலில் தோன்றி 127 ஆண்டுகளுக்கு முன்னர் சங்ககிரியில் உயிர்நீத்த சின்னமலைக்குச் சிலைகள் உண்டு. ஓடாநிலையில் மணிமண்டபம் உண்டு. 2005இல் அஞ்சல்தலையும் வந்தது. ஆடி 18இல் மாலைகள் விழுகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் அவரைத் தம் குலத்தவர் என்று மட்டும் கொண்டாடி, அவரோடு தூக்குமேடை ஏறிய கருப்ப சேர்வையை மறந்துவிட்டால், அந்த மாலையின் மணம் பாதியாகிவிடும்.

ஒரு விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சங்ககிரிக்குச் சென்று வாருங்கள். குடிநீரும் உணவும் கையோடு கொண்டு செல்லுங்கள். வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்குங்கள். கீழிருந்து மலையைப் பார்ப்பவருக்குக் கோட்டையின் பெருமை தெரியும். மேலிருந்து கீழே பார்ப்பவருக்கு அப்பெருமைக்கு விலை கொடுத்த வயல்கள் தெரியும். இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புபவரே கோட்டையைப் பார்த்தவர்.